வினிபிரட்டின் வெளியெழுத்து

பண்டத்தரிப்பு மிசன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த எபனேசர் தம்பிராசா வாத்தியாருக்கு இரண்டும் பெண்பிள்ளைகள். மூத்தவள் வினிபிரட், இளையவள் தேவகுமாரி. தாய் மக்டலீன் கொழும்புத்துறையில் இருந்து கட்டிக்கொண்டு வந்தவள். வாத்தியார் கண்ணை மூடினபோது வினிபிரட்டுக்கு இருபது வயதும் ஆகவில்லை. இங்கிலீசு தெரியும், தட்டெழுத்துத் தெரியும், வேறு ஒன்றும் கையில் இல்லை. அடுத்த வருசமே யாழ்ப்பாணப் பட்டணத்தில் கோட்டுக்குக் கிட்ட, வழக்குப் பத்திரமும் காணி உறுதியும் எழுதுகிற ஏர்னெஸ்ட் இராசசிங்கம் பிறக்கிராசியாரின் கந்தோரில் தட்டெழுத்துக்குப் போய் உட்கார்ந்தவள்தான். அது ஐம்பத்தெட்டாம் ஆண்டு.

பிறகு நடந்ததெல்லாம் பெரிய கதை இல்லை. தேவகுமாரியைக் கேட்டு ஒரு நல்ல இடம் வந்தது. மூத்தவள் இருக்க இளையவளுக்குச் செய்யக்கூடாதென்று சனம் கதைத்தது. வினிபிரட்தான் தாயைப் பேசிச் சம்மதிக்கப் பண்ணினாள். தாயின் பெயரில் கிடந்த வீடும் வளவும் தேவகுமாரிக்குச் சீதனமாய்ப் போயின. அந்த உறுதிப் பத்திரத்தைத் தட்டெழுத்தில் அடித்ததும் வினிபிரட்தான். தேவகுமாரி புருசனோடு கொழும்புக்குப் போய்விட்டாள். தாயும் மூத்தவளும் அதே வீட்டிலேயே இருந்தார்கள், ஆனால் இப்போது அது தேவகுமாரியின் வீடு. எழுபத்தைந்தாம் ஆண்டளவில் தன் புருசன் அந்த வீட்டை விற்கிற யோசனையில் இருக்கிறார் என்று தேவகுமாரி கடிதம் எழுதினாள். பிழையாய் எடுக்க வேண்டாம் என்றும் எழுதினாள். வினிபிரட் பிழையாய் எடுக்கவில்லை. அவளுக்கு அதற்கும் களைப்பாய் இருந்தது.

அந்த நேரத்தில்தான் பதிவு வகுப்பு என்று ஒன்று வந்தது. சட்டம் மாறிப் பிறக்கிராசிமாரும் அப்புக்காத்துமாரும் எல்லாரும் சட்டத்தரணி என்று ஒன்றாய்ப் போன காலம் அது. கோட்டில் இங்கிலீசு போய்த் தமிழ் வந்துகொண்டிருந்தது. பதினைந்து இருபது வருசம் இங்கிலீசில் பிராது எழுதின கிளாக்கர்மார் எல்லாரும் கைகட்டிக்கொண்டு நின்றார்கள். சட்டத்தரணிமார் சிலர் சேர்ந்து சனிக்கிழமைகளில் ஒரு மண்டபத்தில் கிளாக்கர்மாருக்கு வகுப்பு வைத்தார்கள். வகுப்பில் தேறி, வேலையெல்லாம் செய்து பழகியிருக்கிறார் என்று தன் சட்டத்தரணியிடம் அத்தாட்சி வாங்கி, தானும் ஒரு சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தால் பதிந்த கிளாக்கர். பதிந்தவர் தன் பெயரில் கோட்டில் பத்திரம் பாரம் கொடுக்கலாம், எந்தச் சட்டத்தரணியிடமும் வேலைக்குப் போகலாம். பதியாதவர் வெறும் தட்டெழுத்து. இராசசிங்கத்தாருக்கு எழுபது வயது நெருங்குகிறது. அவர் கந்தோரைப் பூட்டினால் வினிபிரட்டுக்கு எங்கே கதிரை? வீடும் போய்க் கதிரையும் போனால் தாயைக் கொண்டுபோய் எங்கே இருத்துவது? அதற்காகத்தான் அவள் அந்த வகுப்பில் சேர்ந்தாள். வேறு எந்த ஆசையாலும் இல்லை.

கிழமை நாளில் கந்தோர். சனிக்கிழமை வகுப்பு. ஞாயிறு கோயிலும், தாயின் உடுப்புத் தோய்ப்பும். பஸ்ஸில் இடம் கிடைத்தால் மடியில் குறிப்பை விரித்துவைத்துப் படிப்பாள். அரைவழியில் கண் சொருகிவிடும். எந்த முத்திரை எதற்கு ஒட்டுவது, அழைப்பாணை கொண்டுபோகிற பிஸ்கால் அதிகாரி ஆளைக் காணாமல் அதைத் திருப்பி அனுப்பினால் என்ன செய்வது, விடை கொடுக்கத் தவணை எத்தனை நாள், காணிக் கந்தோரில் ஏடு புரட்டி ஒரு துண்டுக் காணியின் உறுதித் தொடரைத் தாத்தா பூட்டன் வரைக்கும் எப்படிப் பிடிப்பது என்று பாடம் போகும். அவற்றில் பாதி அவளுக்குக் கைப்பழக்கம். ஆனால் தமிழில் எழுதவேண்டும். ஒரு சத்தியக் கடதாசியைத் தமிழில் எழுதி முடிக்க அவளுக்கு அரை நாள் பிடித்தது. எழுதி வாசித்தால் ஆரோ வேறு ஆள் எழுதினதுபோல் இருக்கும்.

வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். தேசவழமைச் சட்டம் படிப்பித்த சட்டத்தரணி, முதிசம் என்றால் தாய் தகப்பன் வழியில் வந்தது, சீதனம் என்றால் பெண்ணுக்குக் கொடுத்தது, தேடிய தேட்டம் என்றால் கலியாணத்துக்குப் பிறகு புருசனும் பெண்சாதியும் உழைத்துத் தேடினது, அதில் ஆளுக்குப் பாதி என்று பலகையில் எழுதினார். கடைசி வாங்குப் பலகையில் இருந்த சுன்னாகத்துக் கிளாக்கர் ஒருவர் மெல்லக் கேட்டார்.

"அக்கா, உங்களுக்குத் தேடிய தேட்டம் ஒண்டும் இல்லைப் போலை?"

"ஏன் இல்லை? முதுகு நோ தேடி வைச்சிருக்கிறன். வாரும், பாதி தாறன்."

வாங்கு முழுக்கச் சிரித்தது. படிப்பித்தவரும் திரும்பாமலே சிரித்தார். அதற்குப் பிறகு அவளோடு ஒருவரும் கொழுவவில்லை.

எல்லாம் தேறிவிடலாம் என்ற நிலை வந்தபோது ஒன்று இடறியது. வெளியெழுத்து. கந்தோருக்கு வராத ஆட்களின் வீட்டுக்கு நொத்தாரிசுப் பெட்டியோடு போய், உறுதியை வாசித்துக் காட்டி, சாட்சிகளை வைத்துக் கையெழுத்து வாங்குகிற வேலைக்கு வெளியெழுத்து என்று பெயர். இராசசிங்கத்தார் உறுதி முடிக்கிற நொத்தாரிசும்தான். அந்த வேலைக்கு எந்த நாளும் போனவர் கந்தோரின் பழைய கிளாக்கர் நமசிவாயம். பதிவு மனுவில் அந்த வேலைக்கும் போயிருக்கவேண்டும் என்று கேட்டிருந்தது. வினிபிரட் போனதே இல்லை. வெளியெழுத்தில் பெரும்பாலும் சீதன உறுதி. அது பெண் வீட்டில், நல்ல நாள் பார்த்து, நல்ல நேரத்தில், வெற்றிலைத் தட்டம் வைத்து எழுதுவது. அங்கே கலியாணம் கட்டாமல் வயது போன ஒருத்தி, அதுவும் வேதக்காரி, பேனையோடு போய் இருக்க ஆர் விடுவார்கள்? ஒருவரும் வாய்விட்டு வேண்டாமென்று சொன்னதில்லை. "நமசிவாயத்தார் வருவார்தானே?" என்று மட்டும் கேட்பார்கள்.

இப்போது நமசிவாயத்துக்குக் கண்ணில் வெள்ளை விழுந்துவிட்டது. எழுத்து மங்கல்.

இராசசிங்கத்தார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"வினி, போனதெண்டு எழுதுவம். நான் அத்தாட்சி தாறன். எல்லாரும் உப்பிடித்தான் எழுதிறவை."

"நீங்கள் தருவியள் சேர். ஆனால் சத்தியக் கடதாசியிலை கையெழுத்து வைக்கிறது நானெல்லே."

"அதுக்கென்ன?"

"எத்தினை பேருக்குச் சத்தியக் கடதாசி அடிச்சுக் குடுத்திருக்கிறன். அதிலை எது பொய்யெண்டு அடிக்கேக்கையே விரலுக்குத் தெரியும். என்ரை பேரிலையும் அப்பிடி ஒண்டு அடிக்க ஏலாது சேர்."

பக்கத்துக் கதிரையில் இருந்த நமசிவாயம் தலையை ஆட்டினார். "பிள்ளை, உண்மையாய்ப் போறதெண்டால் ஒருக்காப் போனாலும் காணும். காங்கேசன்துறை முத்துக்குமாருத் தண்டையலின்ரை மகளுக்கு வாற கிழமை எழுத்து. அந்தாள் உந்தச் சடங்கு சம்பிரதாயத்துக்குப் பெரிசாய்ப் பயந்து மாயிற ஆள் இல்லை. எனக்குக் கண் தெரியாதெண்டு சொல்லுறன். நீ போ."

மாத முடிவுக்குள் மனுக் கொடுக்கவேண்டும். தவறினால் அடுத்த வருசம். முத்துக்குமாரு அக்கரைக்கும் இக்கரைக்கும் பாய்மரத் தோணி ஓட்டினவர். தோணியை விற்றுவிட்டு வீட்டோடு இருந்தார். "ஆர் வந்தாலென்ன, எழுத்துச் சரியாய் இருந்தாக் காணும்" என்று சொல்லிவிட்டார். ஆனால் அவருடைய தங்கச்சி கமலாவதி அந்த வீட்டில் இருப்பதை நமசிவாயமும் யோசிக்கவில்லை, தண்டையலும் சொல்லவில்லை.

அந்த உறுதியை வினிபிரட்தான் தமிழில் எழுதினாள். காணியும் வீடும் தண்டையலின் பெண்சாதி பத்மாசினிக்குத் தாய் வழியில் சீதனமாய் வந்தவை. அதை அவள் மகள் மகாதேவிக்குக் கொடுக்கிறாள். புருசன் சம்மதித்துக் கூட ஒப்பம் வைக்கிறார். நான்கு எல்லையும் எழுதி, எல்லைக்காரரில் ஆர் செத்தார், ஆரின் பிள்ளைக்குப் போனது என்று விசாரித்து எழுதி, கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதி முடித்தாள். விபரம் முழுவதும் சொன்னவர் தண்டையல். கொடுக்கிற ஆளைக் கண்டு கேட்கவேண்டும் என்று வகுப்பில் படிப்பித்தது அவளுக்கு நினைவில்தான் இருந்தது. ஆனால் எங்கே கண்டு கேட்பது? எழுத்து நாளுக்கு முன்னம் அவளை அந்த வீட்டுக்கு ஒருவரும் கூப்பிடவில்லை.

காரில் இராசசிங்கத்தாரோடு போய் இறங்கினாள். முன் விறாந்தையில் பாய் விரித்திருந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் இராசநாயகமும் அவருடைய ஆட்களும் வந்து இருந்தார்கள். வெள்ளைச் சேலையும் தோளில் பெட்டியுமாய் அவள் படியில் கால்வைக்க, கமலாவதி உள்ளே இருந்து வந்தாள். அவளைத் தலையில் இருந்து கால்வரை பார்த்தாள்.

"ஆர் இது? நொத்தாரிசாரின்ரை மகளோ?"

"இல்லை, கிளாக்கர்" என்றார் தண்டையல்.

"ஓ. எத்தினை பிள்ளையள்?"

வினிபிரட் பெட்டியைத் தோள் மாற்றினாள். அது கேள்வி இல்லை என்று அவளுக்குத் தெரியும். கமலாவதி தமையனை ஒரு பக்கமாய்க் கூப்பிட்டு நாலு சொல்லுச் சொன்னாள். தண்டையல் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "பிள்ளை, வெயில்... குறை விளங்காதையும். உள்ளை குசினிப்பக்கம் இரும். வாசிக்கிற நேரம் கூப்பிடுறன்."

கடலில் எந்தக் காற்றுக்கும் பயந்து மாயாத மனுசன் என்று சொல்லுவார்கள். தங்கச்சிக்கு மாய்ந்தார்.

குசினியில் பலகை ஒன்றைத் துடைத்து வைத்தாள் பத்மாசினி. வெளிர்ந்து மெலிந்த மனுசி. அடுப்பில் பயற்றம் பணியாரத்துக்கு எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். வினிபிரட் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். நல்ல சாயம். விறாந்தையில் இருந்தால் என்ன, குசினியில் இருந்தால் என்ன, வந்தது வந்ததுதான். கையெழுத்து விழுந்ததும் பெட்டியைப் பூட்டிக்கொண்டு போய்விடலாம். வெளியெழுத்துக்குப் போனேன் என்று பொய் இல்லாமல் எழுதலாம்.

பத்மாசினி அவளுக்குக் கிட்டக் குந்தினாள்.

"பிள்ளை, உந்த உறுதி நீர் எழுதினதோ?"

"ஓம் அக்கா."

"உதிலை நான் இருக்கிறதைப் பற்றி என்ன எழுதிக் கிடக்கு?"

"நீங்கள் இருக்கிறதெண்டால்?"

"வீட்டிலை. நான் கண்மூடினாப் பிறகுதானே இது பெட்டைக்கு?"

வினிபிரட் கோப்பையைக் கீழே வைத்தாள். "இல்லை அக்கா. நீங்கள் பெருவிரல் வைச்ச உடனை வீடு அவவின்ரை. அவை விக்கலாம், ஈடு வைக்கலாம்."

"அவர் எல்லாம் சரியெண்டு சொன்னார்."

"சீவிய உருத்து எண்டு ஒண்டு எழுதலாம். நீங்கள் சாகுமட்டும் இருக்கிற உருத்து. அது இதிலை இல்லை. ஒருதரும் எனக்குச் சொல்லேல்லை."

மனுசி எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் ஒரு நினைப்பு. பிள்ளைக்கு எழுதிக்கொடுத்தாலும் வீடு தன் வீடுதான், தான் இருக்க ஆர் என்ன கேட்கப் போகிறார்கள் என்று. வினிபிரட்டின் தாய் மக்டலீனும் அப்படி நினைத்துத்தான் கையெழுத்து வைத்தவள். இப்போது கொழும்பில் இருக்கிற மருமகனின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"வாசிக்கேக்கை நீங்களே கேளுங்கோவன் அக்கா."

"சம்பந்தி வீட்டார் முன்னாலையோ? எனக்கு நாக்கு எழும்பாது பிள்ளை."

விறாந்தையில் ஆரோ மணி என்ன என்று கேட்டார்கள். நல்ல நேரம் பிறந்துவிட்டது. வினிபிரட் பெட்டியை எடுத்து மடியில் வைத்தாள். இப்போது வாய் திறந்தால் எழுத்து இன்றைக்கு நடக்காது. அது அவளுக்கு நன்றாய்த் தெரியும். மனு இந்த வருசம் போகாது. வீடு விலைப்பட்டால், சேர் கந்தோரைப் பூட்டினால், ஒரு வருசம் என்பது சின்ன விசயம் இல்லை. பேசாமல் இருந்தால் ஒருவரும் அவளைக் குற்றம் சொல்லப் போவதில்லை. சேர் கடகடவென்று வாசிப்பார். மனுசிக்கு அந்தத் தமிழ் பிடிபடாது. உறுதியின் அடியில் 'வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது' என்று அவளே அடித்து வைத்திருக்கிறாள்.

இடுப்பு நொந்தது. அந்தப் பலகையிலேயே சரிந்து ஒரு கண் நித்திரை கொண்டால் போதும்போல் இருந்தது.

"அப்ப நான் கேக்கட்டோ அக்கா?"

பத்மாசினி அடுப்பில் இருந்து விறகை இழுத்தாள். நெருப்பை அணைத்தாள். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"கேளும்" என்றாள்.

விறாந்தையில் சேர் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தார். வினிபிரட் அவருடைய கதிரைக்குப் பின்னால் போய்க் குனிந்து காதுக்குள் சொன்னாள். அவர் உறுதித் தாளை மடியில் வைத்தார். பிறகு கதவடியில் நின்ற பத்மாசினியைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மா, நீங்கள் சீவிய உருத்து வைக்க விரும்புறியளோ?"

மனுசி தலையை மட்டும் ஆட்டினாள்.

முதலில் வாய் திறந்தவர் இராசநாயகம். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"வீடு தாறமெண்டு சொன்னியள். வீட்டோடை மாமியாரையும் எழுதித் தாறியளெண்டு ஒருதரும் சொல்லேல்லையே."

"அது பேச்சிலை இல்லை" என்றார் அவர் பக்கத்தில் இருந்தவர்.

"இந்த வீடு எனக்குச் சீதனமாய் வரேக்கை என்ரை அம்மா இதிலைதான் இருந்தவ" என்றாள் பத்மாசினி, ஆரையும் பார்க்காமல்.

"அதுக்கு உறுதியிலை எழுதினவையோ?"

"எழுதேல்லை."

"பிறகென்ன?"

தண்டையலுக்கு முகம் கறுத்தது. பெண்சாதியைப் பார்த்தார், வினிபிரட்டைப் பார்த்தார், பாக்குவெட்டியை எடுத்து வைத்தார். விக்க மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் வாய்ச்சொல்லு ஒன்று தரட்டும் என்றார் ஒருவர். வாய்ச்சொல்லைக் காணிக் கந்தோரில் பதிய ஏலாது என்றார் சேர். இப்படி இழுபட்டு இழுபட்டு நல்ல நேரம் கழிந்துவிட்டது. ராகுகாலம் வரப்போகிறதென்று இராசநாயகம் சால்வையை உதறித் தோளில் போட்டார். இன்னொரு நாள் பார்ப்போம் என்று சொல்லிப் போனார்கள். ஒருவரும் பணியாரம் தின்னவில்லை.

கார் கதவைத் திறக்கும்போது கமலாவதி படியில் நின்று, ஆருக்கும் சொல்லாததுபோல, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

"நான் அப்பவே சொன்னனான். கரை சேராததுகள் காலடி வைச்சால் காரியம் உருப்படுமே?"

பத்மாசினி கதவடியில் நின்றாள். அவளும் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அன்றைக்கு இருந்த தைரியம் முழுக்க முடிந்துபோயிருக்கும்.

கார் தெல்லிப்பழையைத் தாண்டியது.

"நீ செய்தது பிழையெண்டு நான் சொல்லேல்லை வினி" என்றார் சேர். "ஆனால் இண்டைக்கு ஒரு நாள் பேசாமல் இருந்திருக்கலாம்."

"ஓம் சேர். நானும் உதைத்தான் யோசிச்சன்."

"போனது போனதுதானே. ஆளாய்ப் போய் இருந்தனீ. அதை எழுதலாம்."

"எழுத்து நடக்கேல்லை சேர். என்னெண்டு எழுதிறது?"

அந்த வருசம் அவள் மனுக் கொடுக்கவில்லை. சோதனையில் அவள் தேறினாள், நடுத்தரமாய். பதிந்தவர்களின் பெயரைக் கோட்டில் ஒட்டினபோது சுன்னாகத்துக் கிளாக்கரின் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை. அவர் வந்து அவளுக்குச் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு, ஏன் என்று கேளாமலே போனார். நல்ல மனுசன்.

காங்கேசன்துறை எழுத்து ஒன்றரை மாதம் கழித்து வேறு நொத்தாரிசுவிடம் நடந்ததாம். நமசிவாயம்தான் அறிந்துவந்து சொன்னார். முழு வீட்டுக்கும் இல்லை, தெற்குப் பக்கத்து அறைக்கும் குசினிக்கும் பத்மாசினிக்குச் சீவிய உருத்து என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டார்களாம். "அறையாவது கிடைச்சுதே" என்றாள் வினிபிரட். அதோடு அந்தக் கதை முடிந்தது. அந்த வீட்டில் இருந்து ஒருவரும் அவளுக்கு ஒரு சொல்லும் சொல்லி அனுப்பவில்லை.

மாரி தொடங்கின காலத்தில் கொழும்புத்துறையில் ஆழ்வாப்பிள்ளை என்ற கிழவர் படுக்கையில் விழுந்தார். மரணசாசனம் எழுதவேண்டும், நொத்தாரிசு உடனே வரவேண்டும் என்று ஆள் வந்தது. நமசிவாயம் அப்போது கந்தோருக்கே வருவதில்லை. சேர் தயங்கிக்கொண்டுதான் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே படியில் அவளை ஒருவரும் மறிக்கவில்லை. கலியாணம் முடித்தவளோ, பிள்ளைகள் எத்தனையோ என்று கேட்கவில்லை. சாகப்போகிற வீட்டில் ஆர் நல்ல நேரம் பார்க்கிறது? கிழவரின் மகள் கட்டிலோடு கதிரையை இழுத்துப் போட்டாள். "உதிலை இருங்கோ அக்கா. அவருக்கு மற்றக் காது கேளாது."

வினிபிரட் கிழவரின் முகத்துக்குக் கிட்ட இருந்து வாசித்தாள். ஒவ்வொரு பந்தியும் முடிய நிறுத்தி, எழுத்துத் தமிழை வீட்டுத் தமிழில் திருப்பிச் சொன்னாள்.

"ஐயா, தென்னங்காணி மூத்தவருக்கு. விளங்குதோ?"

"அவனுக்கு வேண்டாம். அவன் வித்துப்போடுவன். பெட்டைக்கு எழுது."

"மாத்தி எழுதினால் இன்னும் கொஞ்ச நேரம் நித்திரை குழம்பும் ஐயா."

"எனக்கென்ன அவசரம், நான் எங்கை போறன்?" என்றார் கிழவர். மகள் அழுகையோடு சிரித்தாள்.

அவள் மாற்றி எழுதினாள். மூன்று பிரதி, மூன்றும் கையால். விரல் விறைத்துப்போயிற்று. அதற்குப் பிறகு ஒரு வருசத்துக்குள் அரியாலையில் ஒன்று, பெரியாசுபத்திரியில் இரண்டு, நாவாந்துறையில் ஒன்று என்று அவள் போனாள். ஆஸ்பத்திரி மணமும் கற்பூர மணமும் அவளுடைய பெட்டிக்குள் ஊறிவிட்டன. கட்டிலடியில் நின்று எழுதுகிற எழுத்துக்கு அவளைக் கேட்டே ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

அடுத்த மனுவுக்குச் சேர் அத்தாட்சி எழுதினபோது அந்த வெளியெழுத்துகளை எல்லாம் வாசித்துப் பார்த்தார்.

"எல்லாம் சாக்காட்டு எழுத்தாய்க் கிடக்கு. நல்ல காரியம் ஒண்டும் இல்லையே வினி?"

"வெளியெழுத்து எண்டுதான் சேர் கேட்டிருக்கு. நல்லது கெட்டது எண்டு கேக்கேல்லை."

அவர் ஒப்பம் வைத்தார். தன் சத்தியக் கடதாசியை அவளே தமிழில் எழுதி, அவளே அடித்து, சமாதான நீதவான் முன்னால் போய்க் கையெழுத்து வைத்தாள். பதிவு வந்தது. அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னமே பண்டத்தரிப்பு வீடு விலைப்பட்டுவிட்டது. பதிவு வந்த உடனே இன்னொரு சட்டத்தரணியும் கூப்பிட்டு, பாதி நாள் தன்னிடம் வரச் சொன்னார். அந்தத் துணிவில் கொழும்புத்துறை வீதியில் ஒரு வீட்டின் பின்பாதியை வாடகைக்கு எடுத்துத் தாயைக் கொண்டுவந்து இருத்தினாள். மக்டலீனுக்கு அது பிறந்த ஊர்ப் பக்கம். ஆனாலும் காலையில் எழும்பினால் பண்டத்தரிப்புக் கிணற்றடியைத்தான் தேடுவாள்.

சீதன உறுதிக்கு வினிபிரட்டை ஒரு வீட்டாரும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எண்பதாம் ஆண்டுக்குப் பிறகும் அப்படித்தான். கந்தோரில் இருந்தே எழுதிக் கொடுப்பாள், வேறு ஆள் கொண்டுபோவார். அதற்காக அவள் மனம் நொந்ததாய் ஒருவரும் கண்டதில்லை. பத்மாசினியைப் போன்ற மனுசிகள் கந்தோர்ப் படியேறி வந்தால் மட்டும், கூட வந்த ஆம்பிளைகளைத் தேத்தண்ணிக் கடைக்கு அனுப்பிவிட்டுத் தனியே கேட்பாள்.

"அக்கா, எழுதினாப் பிறகு நீங்கள் எங்கை இருக்கப் போறியள்?"

பாதிப் பேர் அந்தக் கேள்விக்கு மறுமொழி யோசித்து வந்திருக்கமாட்டார்கள். அவள் பேனையை மூடி வைத்துவிட்டு, அவர்கள் யோசித்து முடியும் வரைக்கும் இருப்பாள்.